நயினார் வீட்டு வெள்ளைக் கார்

தம்பிகளா, நான் ஓய்வு பெற்றுக் கடைச் சாவியை உங்கள் கையில் கொடுத்த அன்று எனக்கு மாலை போட்டீர்கள், கேசரி ஊட்டினீர்கள், செல்ஃபி எடுத்தீர்கள். "நாலு வார்த்த பேசுண்ணே" என்று கேட்டபோது வாயில் கேசரி இருந்ததால் தப்பித்துக்கொண்டேன். இப்போது வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கையில், பேசாமல் வந்தது சரியில்லை என்று படுகிறது. அதனால் எழுதுகிறேன். நாலு வார்த்தையில் முடியாது. கேட்டது நீங்கள்தான், அனுபவியுங்கள்.

தொழில் நுணுக்கம் எதுவும் இதில் இருக்காது. எந்த ஷாம்பூவுக்கு எவ்வளவு தண்ணீர், எந்தப் பெயிண்ட்டுக்கு எந்த பாலிஷ் என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாததை போன் சொல்லிவிடும். போன் சொல்லாத சங்கதிகள் சில உண்டு. காரை உள்ளும் புறமும் சுத்தம் செய்து மெருகேற்றும் வேலைக்கு, செஞ்சியில் நான் கார் டீடெய்லிங் என்று போர்டு மாட்டியபோது, "அது இன்னா நோய்?" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். ஆயுத பூஜைக்கு வண்டி பளபளக்க வேண்டும் என்று பானட் முழுக்கத் தேங்காய் எண்ணெய் தடவி, திருவண்ணாமலை ரோட்டுப் புழுதி மொத்தத்தையும் அதில் ஒட்டவைத்துக்கொண்டு வருவார்கள். போன வருஷத்துச் சந்தனப் பொட்டு வெயிலில் காய்ந்து பெயிண்ட்டையே தின்றிருக்கும். "சாமி பொட்டு, அழிச்சிடாத. ஆனா கறை மட்டும் போயிடணும்" என்பார்கள். அந்த இடத்தில் உங்கள் மெஷின் உதவாது. நின்று யோசிக்க வேண்டும்.

எனக்கு யோசிக்கக் கற்றுக்கொடுத்தவர் சென்னையில் நான் முதலில் வேலை பார்த்த பட்டறையின் மேஸ்திரி. எந்த வண்டியானாலும் வேலை தொடங்கும் முன் ஒரு முறையும், முடிக்கும் முன் ஒரு முறையும் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே சும்மா உட்காரச் சொல்வார். கையில் துணி இருக்கக் கூடாது, பாட்டு ஓடக் கூடாது. மூக்கையும் காதையும் மட்டும் திறந்து வைத்திருக்க வேண்டும். வேலைக்கு டிமிக்கி கொடுக்க அவர் கண்டுபிடித்த வழி இது என்றுதான் அப்போது நினைத்தேன். பல நாள் அவர் அப்படியே குறட்டை விட்டும் இருக்கிறார். ஆனால் அந்தப் பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது, நீங்கள் என்னைக் கிண்டல் செய்வதும் அதற்காகத்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் சொல்லப்போவது ஒரே ஒரு வண்டியைப் பற்றி.

மேல்சித்தாமூரிலிருந்து சுனந்தா என்ற பெண் ஒரு நாள் கடைக்கு வந்தாள். இயன்முறை மருத்துவம் படித்தவள். பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் வீட்டுக்கே போய்க் கை கால் பயிற்சி கொடுக்கும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. வல்லம் பக்கத்துக் கிராமங்கள் எல்லாம் அவள் பொறுப்பு. எந்நேரமும் பஸ் கிடைக்கிற ஊர்களா அவை? சொந்தக் கார் இருந்தால்தான் வேலை என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த வாரம் திங்கட்கிழமை காரோடு போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியும் ஒரு ஹாஸ்டலும் அவளுக்காகக் காத்திருந்தன. வீட்டில் அப்பாவும் அவளும் மட்டும்தான். அப்பாவைத் தனியாக விட்டுப் போக அவளுக்கு மனமில்லை.

"வீட்ல ஒரு கார் இருக்குதுண்ணா. ஆறேழு வருஷமா பூட்டியே கெடக்குது" என்றாள்.

"ஓடுமாம்மா?"

"ஓட வெச்சிடலாம்னுதான் மெக்கானிக் சொல்றாரு. ஆனா கதவத் தொறந்தவுடனே மூக்கப் பொத்திக்கினு போய்ட்டாரு. யாராவது மொதல்ல சுத்தம் பண்ணட்டும், அப்பறம் கூப்டுங்கன்றாரு."

அவள் அப்பாவை எனக்கு முன்பே தெரியும். மணிலா, அதாவது வேர்க்கடலை வியாபாரி. சமண வீட்டுப் பெரியவர்களை எங்கள் பக்கம் மரியாதையாக நயினார் என்போம். அவரையும் ஊரே அப்படித்தான் கூப்பிடும். அந்தக் கார் பூட்டிக் கிடந்த காரணமும் எனக்குத் தெரியும். ஒரு சாயங்காலம் சிங்கவரம் திருப்பத்தில் ஒரு கன்றுக்குட்டி துள்ளி ஓடிவந்து அவர் வண்டியில் விழுந்துவிட்டது. அவர் வேகமாக வரவில்லை. பார்த்தவர்கள் எல்லோருமே அதைச் சொன்னார்கள். அது உயிர் விடும்வரை தலையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்திருந்தாராம். ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத மனிதர், பொழுது சாய்ந்தால் விளக்கில் பூச்சி விழும் என்று சாப்பிடாதவர். வண்டியைக் கொண்டுபோய் மணிலா கொட்டகையில் நிறுத்திப் பூட்டினார். இனி கார் ஓட்டுவதில்லை, காரில் ஏறுவதுமில்லை என்று விரதம் எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து எங்கு போனாலும் பஸ்தான்.

அந்த வண்டியைத்தான் மகள் கேட்டாள். அவரும் சரி என்றிருக்கிறார், ஆனால் நிபந்தனை வைத்திருந்தார். நானும் மல்லிகாவும் கொட்டகைக்குப் போனபோது அதை என்னிடம் நேரிலேயே சொன்னார். மல்லிகாவை உங்களுக்குத் தெரியும். சிங்கவரத்திலிருந்து சைக்கிளில் வந்து, கார் சீட்டு தைக்கும் வேலையில் உங்கள் எல்லோரையும் இன்றைக்கும் வாய்க்கு வந்தபடி திட்டுகிற அதே மல்லிகாதான்.

"அந்த வண்டியால ஒரு உயிர் போச்சு. இன்னொன்னு போகக் கூடாது. நீங்க கழுவறப்பவும் போகக் கூடாது" என்றார் நயினார். பூச்சி மருந்து அடிக்கக் கூடாது. தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும். பொழுது சாய்ந்தால் விளக்கு போட்டு வேலை செய்யக் கூடாது. "ஒத்துக்கினா செய்யுங்க. இல்லன்னா வேணாம், நான் தப்பா நெனச்சுக்க மாட்டேன்."

நான் ஒத்துக்கொண்டேன். கதவைத் திறந்து பார்க்கும் முன்பே ஒத்துக்கொண்டதுதான் என் கெட்டிக்காரத்தனம்.

திறந்ததும் மல்லிகா, "இன்னாண்ணே இது, வண்டியா வண்டலூரா?" என்றாள். பின் சீட்டின் பஞ்சு முழுக்க எலிக் குடும்பங்கள். கதவு மடிப்பில் மண் குளவிக் கூடுகள். தரை விரிப்பின் கீழே எறும்புகள் தனி ஊராட்சி நடத்திக்கொண்டிருந்தன. கதவுப் பையில் பல்லி முட்டை. கண்ணாடி உள்பக்கம் பூஞ்சை பிடித்துப் பச்சையாக இருந்தது. வெளியே பெயிண்ட் எது, கொட்டகைப் புழுதி எது என்று தெரியவில்லை. மேஸ்திரி சொல்லிக்கொடுத்தபடி உள்ளே உட்கார்ந்தேன். வாடை தொண்டைக்குள் இறங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனால் கார் சாகவில்லை என்பது மட்டும் தெரிந்தது. அடித்தகட்டில் துரு ஏறவில்லை, கூரைத் துணி தொங்கவில்லை. உயிர்கள் மொத்தமும் வெளியேறினால் இதைத் தேற்றிவிடலாம்.

மருந்து அடித்தால் ஒரு மணி நேர வேலை. எங்களுக்கு நாள் கணக்காகப் பிடித்தது. எறும்புக்கு வெல்லத்தைப் பொடித்து, கார் தரையிலிருந்து கொட்டகைச் சுவர் வரை கோடு போட்டோம். முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் காலை ஊரே மூட்டை முடிச்சோடு முட்டைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையாகப் போனது. எலிகளுக்கு மணிலாக் கொட்டை வைத்துக் கூண்டு. பிடிபட்டதையெல்லாம் மல்லிகா சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போய் மலையடிவாரத்தில் விட்டாள். போகிற வழியெல்லாம் அவற்றைத் திட்டிக்கொண்டே போனாள் என்று சிங்கவரத்தில் இன்றும் சொல்வார்கள். குளவிக் கூடுகளைப் பட்டைக் கத்தியால் மண்ணோடு பெயர்த்துச் சுவரில் அப்பினேன். எட்டு மணி நேரம் இப்படி வேலை பார்த்துவிட்டு, இன்று ஒரு கண்ணாடிகூடத் துடைக்கவில்லையே என்று நொந்துகொண்டே வீடு திரும்பிய நாட்கள் உண்டு. எரிச்சலாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

வடிகட்டிய தண்ணீர் மட்டும் எனக்கே பாடம் ஆனது. நயினார் வீட்டுப் பழைய வெள்ளை வேட்டியை மடித்து டிரம்மின் வாயில் கட்டியிருந்தோம். ஒரு டிரம் நிறைந்ததும் துணியைப் பிரித்துப் பார்த்தால் அடியில் பொடி மணல். எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீரில் இவ்வளவு மணல் வரும் என்று எனக்குத் தெரியாது. கழுவிய வண்டியில் சிலந்தி வலை போலக் கீறல் விழுகிறதே என்று அதுவரை துணியைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். உயிர்களுக்காகக் கட்டிய வேட்டி பெயிண்ட்டையும் காப்பாற்றியது. நம் கடைத் தொட்டியின் குழாயில் துணி கட்டியிருக்கிறதே, "அண்ணனோட கோமணம்" என்று நீங்கள் பேர் வைத்தீர்களே, அது அங்கிருந்து வந்ததுதான். தயவுசெய்து அவிழ்த்துவிடாதீர்கள்.

வெளியில் கழுவும்போது பானட்டின் இடது ஓரத்தில், ஹெட்லைட்டுக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம் தெரிந்தது. கன்றுக்குட்டி விழுந்த இடம். தகடு மடியவில்லை, உள்பக்கத்திலிருந்து நிதானமாகத் தள்ளினால் வந்துவிடும். எடுத்துவிடவா என்று கேட்டேன்.

"அதுல கை வெக்காதீங்க" என்றார் நயினார். சொல்லிவிட்டு அந்தப் பக்கமே பார்க்காமல் போய்விட்டார்.

சனிக்கிழமை மதியத்துக்குள் கார் கார் ஆகிவிட்டது. வெள்ளை வெளுத்தது. சீட்டுகளைப் புதுப் பஞ்சு வைத்துத் தைத்துக் கொண்டுவந்தாள் மல்லிகா. முந்தின நாளே மெக்கானிக் வந்து எஞ்சினை ஓடவிட்டுப் போயிருந்தார். பாக்கி இருந்தது ஏ.சி. காற்று வரும் பாதை மட்டும். ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டால் உள்ளே அடைந்திருக்கும் குப்பையும் வாடையும் வெளியே வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ஒரு முறை துடைத்துக் கொடுத்தால் வேலை முடிந்தது. சுனந்தா கொட்டகை வாசலில் நின்று, யாருக்கோ போன் செய்து, "ஆமாம் சார், திங்கக்கெழம வந்துடறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் எனக்குள்ளும் இறங்கியது.

சாவியைத் திருகி, ஃபேன் குமிழில் கை வைத்துவிட்டேன். அப்போதுதான் முடிக்கும் முன் ஒரு முறை உட்காரவில்லை என்பது நினைவுக்கு வந்தது. சாவியை அணைத்துக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுச் சும்மா உட்கார்ந்தேன்.

டேஷ்போர்டுக்குள் கீச்சென்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று.

பக்கத்து சீட்டுக்கு எதிரில் இருக்கும் சின்னப் பெட்டியைக் கழற்றிப் பார்த்தேன். ஃபேன் இறக்கைக்குப் பக்கத்திலேயே, தேங்காய் நாரும் பழைய சீட்டுப் பஞ்சும் வைத்துக் கட்டிய கூடு. உள்ளே மூன்று அணில் குஞ்சுகள், கண்கூடத் திறக்கவில்லை. நாங்கள் சாப்பிடப் போகும் நேரம் பார்த்துத் தாய் அணில் வந்து போய்க்கொண்டிருந்திருக்கிறது. குமிழைத் திருப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்ததும் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மல்லிகா எட்டிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "தூக்கி வேப்பமரத்துல வெச்சிடலாம்ணே. யாருக்குத் தெரியப் போவுது? அந்த மனுஷன்கிட்ட சொன்னா வண்டிய மறுபடியும் பூட்டிடுவாரு. பொண்ணு பாவம்ணே."

அவள் சொன்னதில் தப்பில்லை. அவளும் அந்தப் பெண்ணுக்காகத்தான் சொன்னாள். சொல்லாமல் விட்டால் திங்கட்கிழமை கார் தயார். சொன்னால் அந்தப் பெண்ணின் வேலை போகலாம். குஞ்சுகளை எங்கேயோ வைத்துத் தாய் எடுக்காமல் விட்டால் அவை செத்துப்போகும், அதுவும் யாருக்கும் தெரியாது. அந்த வாசலில் நின்ற சந்தோஷத்தைக் கெடுக்க எனக்குத் துளியும் விருப்பமில்லை. ஆனாலும் இறங்கிப் போய் நயினாரைக் கூப்பிட்டேன். ஏன் என்று கேட்டால், பெரிய நியாயம் எல்லாம் இல்லை. அந்த மனிதர் இத்தனை வருஷம் கழித்து இந்த வண்டியை ஒருவரை நம்பித் திறந்திருக்கிறார், அந்த ஒருவன் நான். வாடிக்கையாளரின் வண்டிக்குள் நீங்கள் தனியாக உட்கார்ந்திருக்கும் நேரம்தான் உங்கள் தொழில் என்னவென்று தெரியும் நேரம்.

அவர் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஃபேன் போட்டீங்களா?"

"கை வெச்சேன் நயினாரே. போடல. சத்தம் கேட்டுச்சு."

சுனந்தாவும் வந்து பார்த்தாள். அவள் முகம் சுருங்கிப்போனதை நான் பார்க்காதது போல இருந்தேன். நயினார் நிமிர்ந்து எல்லோரையும் வெளியே வரச் சொன்னார். கார்க் கதவுகள் நான்கையும் திறந்து வைத்தார். கொட்டகைக் கதவையும் திறந்து வைத்தார்.

"தாயே வந்து எடுத்துக்கினு போனா வண்டி உன்னுது" என்றார் மகளிடம். "போகலன்னா வண்டி அதுங்களுது."

அந்தப் பெண் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் அப்பாவின் பக்கத்தில் போய் நின்றாள். பிறகு, "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பாக்கலாம்பா. வரலன்னா நான் சென்னைக்குப் போறேன். நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க" என்றாள். அந்த வயதில் எனக்கு அவ்வளவு பக்குவம் இருந்ததில்லை.

எல்லோரும் வாசலுக்கு எதிரே தள்ளி உட்கார்ந்தோம். தாய் அணில் வேப்பமரத்திலிருந்து இறங்கும், எங்களைப் பார்த்துக் கத்தும், ஏறிவிடும். மேற்கே மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. சுனந்தா இரண்டு முறை வந்து, "அப்பா, சாப்ட்டுடுங்க, பொழுது போவுது" என்று கூப்பிட்டாள். அவர் அசையவில்லை. பொழுது சாய்ந்த பிறகு அவர் வாயில் தண்ணீர்கூடப் படாது. அன்று அவர் பட்டினிதான் என்று தெரிந்துதான் நாங்கள் வீட்டுக்குக் கிளம்பினோம்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் போனோம். அவர் அதே மணிலா மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். சுனந்தா பக்கத்தில் இருந்தாள். எங்களைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தாள். தாய் அணில் கார் கதவோரம் வந்து நின்றது. உள்ளே போனது. வெளியே வரும்போது அதன் வாயில் ஒரு குஞ்சு சுருண்டிருந்தது. வேப்பமரம் ஏறி, கிளை வழியாக வீட்டு ஓட்டுக்குத் தாவி, ஓட்டுச் சந்துக்குள் மறைந்தது. திரும்பி வந்து இரண்டாவதையும் கொண்டுபோனது.

அதன் பிறகு வரவில்லை.

வெயில் ஏறியது. மூன்றாவது குஞ்சு உள்ளே கத்திக்கொண்டிருந்தது. சுனந்தா போனில் மணி பார்த்தாள், வைத்தாள், மறுபடி பார்த்தாள். மல்லிகா என் காதில், "நான் போய் எடுத்துக் குடுத்துட்டு வர்றேண்ணே" என்றாள். எனக்கும் கை பரபரத்தது. நயினார் எங்களைத் திரும்பிப் பார்த்து, "மறக்க மாட்டா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மறக்கவில்லை. எங்கள் காலருகே ஓடிவந்து, எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் உள்ளே போய், கடைசிக் குஞ்சையும் கவ்விக்கொண்டு ஏறிப்போனது. மல்லிகா கை தட்டிவிட்டாள். சுனந்தா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் துடைத்தேன், பூஞ்சை வாடை என்று சொல்லிக்கொண்டேன்.

மதியத்துக்குப் பிறகு நானும் மல்லிகாவும் பேய் போல வேலை செய்தோம். கூட்டை எடுத்து ஓட்டுச் சந்துக்குப் பக்கத்தில் வைத்தோம். காற்றுப் பாதையைச் சுத்தம் செய்தோம், ஃபேன் ஓடியது. முடிக்கும் முன் மறுபடியும் உட்கார்ந்தேன். துவைத்த துணி வாடை மட்டும் இருந்தது. வேறு சத்தம் எதுவும் இல்லை.

பொழுது இன்னும் மிச்சம் இருந்தது. நயினார் காரைச் சுற்றி வந்தார். அந்தப் பள்ளத்துக்கு முன்னால் நின்றார். முதல் தடவையாக அதில் கை வைத்தார்.

"இதையும் எடுத்துடுங்க" என்றார் என்னிடம்.

நான் சாமான் பையைத் திறந்தேன். சுனந்தா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வேணாம்ணா, இருக்கட்டும். தெனமும் காலைல இதத் தொட்டுட்டுத்தான் வண்டியில ஏறுவேன்" என்றாள். அப்பா பக்கம் திரும்பி, "மெதுவா போவேன்பா" என்றாள்.

நயினார் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார். பிறகு டிரைவர் சீட்டுக்குப் பக்கத்துக் கதவைத் திறந்தார். ஏறி உட்கார்ந்தார்.

"சிங்கவரம் திருப்பம் வரைக்கும் போய்ட்டு வரலாம் வா. இருட்டறதுக்குள்ள வந்துடணும், நேத்தும் சாப்புடல" என்றார்.

கார் கொட்டகையை விட்டு வெளியே வந்தபோது, மணிலா காயவைத்திருந்த களத்தோரம் கோழிகளுக்காக அந்தப் பெண் இரண்டு முறை நின்றாள். மல்லிகா சிரித்தாள். எனக்கு அந்த வேகம் ரொம்பப் பிடித்திருந்தது.

அந்த வண்டி இப்போதும் மாதம் ஒரு முறை நம் கடைக்கு வருகிறது. இனி உங்களிடம்தான் வரும். பானட் ஓரத்தில் பள்ளம் இருக்கே மேடம், எடுத்துடலாமா என்று கேட்காதீர்கள். வடிகட்டின தண்ணீரில் கழுவுங்கள். கழுவி முடித்த பிறகும் அந்தப் பள்ளத்தில் கொஞ்சம் புழுதி தங்கியிருக்கும். மெஷின் அங்கே போகாது. விரலில் துணியைச் சுற்றி, அந்த இடத்தை மட்டும் கையால் துடைத்துக் கொடுங்கள்.